மேட்டூர் முசியே

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர்கள் அத்தனை பேரும் ஒருநாள் காலையில் வாயைத் திறந்து பிரெஞ்சு பேச ஆரம்பித்தால் பாரிஸ்காரர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிவரும். பயப்பட வேண்டாம், அப்படி ஒரு நாள் வராது. பேசுவதற்காக இங்கே யாரும் பிரெஞ்சு படிப்பதில்லை. மார்க்குக்காகப் படிக்கிறோம்.

வழி ரொம்பச் சுலபம். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்புவரை தமிழை விட்டு அவ்வளவு லேசில் ஓட முடியாது. பதினொன்றாம் வகுப்பில் கதவு கொஞ்சம் திறக்கும். மனப்பாடச் செய்யுள், அணியிலக்கணம், நெடுவினா எல்லாம் எழுதிக் கைவலி கண்டு, கடைசியில் ஒரு சந்திப்பிழையில் மார்க்கைப் பறிகொடுத்துவிட்டு வருவானேன்? "என் பெயர் இன்னது. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். என் நாய் வெள்ளை நிறம்" என்று பிரெஞ்சில் நாலு வரி எழுதினால் போதும், மார்க் கொட்டும். எங்கள் வீட்டில் நாயே கிடையாது. அதற்கும் சேர்த்துத்தான் மார்க் கொடுத்தார்கள்.

மகளை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் போட்டிருந்தேன். முட்டைக்கும் மார்க்குக்கும் பேர்போன சீமை. இரண்டையும் ராத்திரி லைட்டை அணைக்காமல் விளைவிக்கிற வித்தை அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு எடுக்கச் சொன்னது நான்தான். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். குறைந்த செலவில் நிறைய வரவு என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் காகிதத்தைப் படிப்பேன். எஞ்சினியரிங் கட்-ஆஃபில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும்தான் சேரும், மொழிப்பாடம் சேராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மொத்த மார்க் என்று ஒன்று இருக்கிறதே. அதைக் கல்லூரியில் கேட்க மாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்பார்கள்.

பிரெஞ்சில் 98 வாங்கினாள். மண்டபம் மண்டபமாகச் சொன்னேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஆபத்துதான் உண்டு. பிள்ளைக்கு அந்தப் பாடம் பிடித்துப்போய்விடக் கூடாது. எங்கள் வீட்டில் பிடித்துப்போய்விட்டது.

"அப்பா, பி.ஏ. பிரெஞ்சு படிக்கறனுங்கப்பா" என்றாள். புதுச்சேரியில் ஒரு கல்லூரி பார்த்து, விண்ணப்பமும் தானே போட்டு வைத்திருந்தாள். மார்க்குக்காகப் பிரெஞ்சு படித்தபோது குழந்தை புத்திசாலி என்று கொண்டாடிய சொந்தக்காரர்கள், பிடித்துப் படிக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்தார்கள். மேச்சேரி மச்சான் நேரிலேயே வந்துவிட்டார். என் மனைவிக்கு அண்ணன், இரண்டு ஜே.சி.பி.க்குச் சொந்தக்காரர், எனவே கல்வியைப் பற்றி நிறையச் சொல்லுவார்.

"பிரெஞ்சுல என்ன எஞ்சினியரிங் மாப்ள?"

"எஞ்சினியரிங் இல்லைங்க மச்சான். பிரெஞ்சுல பிரெஞ்சேதான்."

"சரி, படிச்சுட்டு என்ன வேலைக்குப் போகும்?"

நான் விடவில்லை. மகளுக்காகப் படித்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்து விட்டேன். ஆனந்தரங்கப் பிள்ளை என்று ஒருவர் இருந்தார், 1709-ல் பிறந்தவர், புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேவுக்குத் துபாஷி. அவர் பார்க்காத பணமா, இன்றைக்கும் அங்கே அவர் பேரில் தெரு இருக்கிறது. 1736-லிருந்து சாகிறவரை அவர் எழுதிய நாட்குறிப்பை வைத்துக்கொண்டுதான் அந்தக் காலத்துச் சரித்திரமே எழுதுகிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "இப்ப அந்த போஸ்டுக்கு ஆள் எடுக்கறாங்களா?"

டூப்ளேவை 1754-லேயே ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேச்சை மாற்றி, "பாரதியாரே புதுச்சேரியில இருந்தப்ப பிரெஞ்சு படிச்சாருங்க மச்சான்" என்றேன்.

"அவருக்கு மாசம் எவ்வளவு வந்துச்சு?"

இதற்கு மேல் எப்படி வாதாடுவது? நல்லவேளையாக, சேர்க்கைக்குப் போனபோது மச்சானும் கூட வந்தார். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் அவர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் டீக்கடையில் ஒரு தகவல் அவர் காதில் விழுந்தது: 1954 நவம்பர் 1-ல் ஊர் இந்தியா வசம் வந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த பெரியவர்களுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது, ஜூலை 14 அவர்களுக்குப் பெரிய நாள். "யூரோவுலயா?" என்று கேட்டுவிட்டு மச்சான் டீயைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அவர் பிரெஞ்சு மொழியைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை.

முதல் விடுமுறைக்கு வந்தவள் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் ஆண், பெண் பிரிக்க ஆரம்பித்தாள். தொல்காப்பியர் காலத்திலிருந்து நாம் உயர்திணை, அஃறிணை என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம். நாற்காலிக்கு ஜாதகம் பார்த்ததில்லை. அவர்களுக்கு மேசை பெண்பால், நாற்காலி பெண்பால், ஃபிரிட்ஜ் ஆண்பால். பணம் ஆண்பால், கடன் பெண்பால். கடைசியாக என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மீசையும் பெண்பால்தானுங்கப்பா" என்றாள்.

முனியப்பன் கோயில் சிலையைப் பார்த்து வளர்த்த மீசை இது. "தாடி?" என்றேன், ஒரு நப்பாசையில். அதுவும் பெண்பால். அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். அன்று சாயங்காலமே கண்ணாடி முன்னால் போய் நின்று ஓரங்களைக் கொஞ்சம் இறக்கி விட்டேன். பயந்து அல்ல, வெயில் காலம்.

இன்னொன்றும் சொன்னாள். அங்கே பிள்ளைகள் அப்பாவை 'நீ' என்றுதான் பேசுவார்களாம். 'நீங்கள்' என்பது தெரியாதவர்களுக்காம். கன்றுக்குட்டியைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடுகிற வட்டாரத்தில் வந்து சொல்கிற பேச்சா இது?

"அப்படின்னா என்னைத் தெரியாதவனாவே வெச்சுக்க கண்ணு" என்றேன்.

இந்த இடத்தில்தான் எனக்கும் ஆசை வந்தது. மகள் படிக்கிறாள், கட்டணம் நான் கட்டுகிறேன், கட்டுகிறவனுக்கும் நாலு வார்த்தை தெரிந்தால் என்ன? அவளும் உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்தாள். கடைசி எழுத்துகளை நிறைய வார்த்தைகளில் எழுத வேண்டும், ஆனால் உச்சரிக்கக் கூடாது என்பது முதல் பாடம். சம்பளப் பட்டியலில் பேர் இருந்தும் வேலைக்கு வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அடுத்து அவர்களுடைய 'ர'. அது நாக்கில் பிறக்காமல் தொண்டைக்குள் பிறக்கிறது. மொட்டைமாடியில் காலைநேரத்தில் அதைப் பழகிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஏட்டையா சுக்குமல்லிக் காப்பியோடு வந்துவிட்டார். "சளியை இப்பிடி விட்டு வெக்கக் கூடாதுங்க சார், நெஞ்சுல இறங்கிரும்." வந்த காப்பியை வீணாக்குவானேன் என்று இருமிவிட்டுக் குடித்தேன்.

பெரிய கஷ்டம் அவர்களுடைய ஓர் உயிரெழுத்து. உதட்டை 'உ' என்று குவிக்க வேண்டும், உள்ளே நாக்கு 'இ' என்று நிற்க வேண்டும். எழுத்து எங்கே பிறக்கிறது, வாயை எப்படித் திறப்பது, இதழை எப்போது குவிப்பது என்றெல்லாம் தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லித்தான் இருக்கிறார். ஆனால் ஒரே சமயத்தில் உதடு ஒரு பக்கமும் நாக்கு ஒரு பக்கமும் போகச் சொல்லும் அளவுக்கு அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. நான் கண்ணாடி முன்னால் உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றேன். மனைவி வந்து பார்த்தாள். ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு, "ஏனுங்க, வலது கையைத் தூக்குங்க பாக்கலாம்" என்றாள். தூக்கினேன். "இடது கை?" அதையும் தூக்கினேன். வாதம் இல்லை என்று உறுதியான பிறகுதான் திட்டினாள்.

நான் விடாமல் அவளுக்கும் அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். "உதட்டைக் குவி. குவிச்சியா? இப்ப உள்ளே 'இ' சொல்லு." அவள் கையில் அரிவாள்மனை இருந்ததால் பாடம் சீக்கிரம் முடிந்தது.

அடுத்த விடுமுறைக்கு மகள் மோலியேர் நாடகங்களோடு வந்தாள். பதினேழாம் நூற்றாண்டு அந்த வருஷத்துப் பாடம். 1670-ல் அரங்கேறிய ஒரு நாடகத்தின் கதையைச் சொன்னாள்: ஜூர்தேன் என்று ஒரு பணக்காரத் துணிவியாபாரி மகன், வயசான காலத்தில் பெரிய மனுஷன் ஆக ஆசைப்பட்டு, பாட்டுக்கு ஒரு வாத்தியார், ஆட்டத்துக்கு ஒரு வாத்தியார், கத்திச்சண்டைக்கு ஒரு வாத்தியார், தத்துவத்துக்கு ஒரு வாத்தியார் என்று அமர்த்திக்கொள்கிறான். தத்துவ வாத்தியார் வந்து உயிரெழுத்துகளை எப்படி உச்சரிப்பது என்று சொல்லித்தருகிறார். வாயை இப்படித் திற, உதட்டை இப்படிக் குவி என்று. ஜூர்தேன் பரவசமாகி, அதே எழுத்தை வீட்டு வேலைக்காரிக்கும் பொண்டாட்டிக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறான். இருவரிடமும் வாங்கிக்கட்டிக்கொள்கிறான்.

சொல்லிவிட்டு மகள் என்னையே பார்த்தாள். "முந்நூத்தம்பது வருஷம் முன்னாடியே உங்களைப் பத்தி எழுதிட்டாங்கப்பா."

"அந்தப் பொம்பளை பேரென்ன?" என்றாள் மனைவி. மதாம் ஜூர்தேன். "நல்ல பொம்பளை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நான் எதைப் புதிதாகத் தொடங்கினாலும், இயற்கை உரம் என்றாலும் யோகா என்றாலும், "வந்துட்டாரு முசியே ஜூர்தேன்" என்கிறாள். பிரெஞ்சு இலக்கியத்தில் எங்கள் வீட்டில் சரளமாகப் புழங்குகிற பேர் அதுதான்.

மோலியேரின் இன்னொரு நாடகம் கஞ்சனைப் பற்றியது, 1668. ஆர்பகோன் என்று பேர். வீட்டுச் சமையல்காரனே வண்டிக்காரனும். சமையலைப் பற்றிக் கேட்டால் ஒரு சட்டை, குதிரையைப் பற்றிக் கேட்டால் வேறு சட்டை. பத்துப் பேர் சாப்பிட வந்தால் எட்டுப் பேருக்குச் சமைத்தால் போதும் என்று உத்தரவு போடுகிறான். ஊரே சிரிக்குமாம் அந்த இடத்தில். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதில் என்ன தப்பு? பத்துப் பேர் வருவதாகச் சொன்னால் எப்போதும் இரண்டு பேர் வர மாட்டார்கள். கணக்குப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன். "உங்கப்பா ஆறு பேருக்குத்தான் உலை வைக்கச் சொல்வாரு" என்றாள் மனைவி. மகள் அதைப் பரீட்சையில் எழுதினாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

காக்காய், நரி, வடை கதை அங்கே பாலாடைக்கட்டியோடு இருக்கிறது. பாட்டியே கிடையாது, காக்காய்க்குக் கட்டி எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு இல்லை. லா ஃபோந்தேன் என்கிறவர் 1668-லிருந்து எழுதிய கதைப்பாட்டுகளில் ஒன்று. 1678-ல் வந்த இரண்டாம் தொகுதி முன்னுரையில், அதில் பெரும்பகுதிக்கு பில்பே என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று அவரே எழுதியிருக்கிறாராம். பஞ்சதந்திரம் அரபு நாட்டு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒட்டிக்கொண்ட பேர் அது. ஆக, நம் ஊர்க் கதை பாரிஸுக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு நான் செமஸ்டர் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கட்டுகிறேன்.

நானும் ஒரு தடவை ஜெயித்திருக்கிறேன். பிரெஞ்சு இலக்கியம் தமிழுக்கு வந்த கதை என்று அவளுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். நோட்டை வைத்துக்கொண்டு திணறினாள். "சேலத்துல இருந்து ஆரம்பி சாமி" என்றேன். நம்பவில்லை. ஏற்காடு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1940-ல் எடுத்த 'உத்தமபுத்திரன்', பி. யு. சின்னப்பா இரட்டை வேடம். அது அலெக்சாந்தர் துய்மாவின் இரும்பு முகமூடிக் கதை. பிற்பாடு 1958-ல் சிவாஜி நடித்ததும் அதே கதை. அவள் பேனாவை எடுத்தாள். 1950-ல் கோயம்புத்தூர் பட்சிராஜா எடுத்த 'ஏழை படும் பாடு', விக்தர் ஹியூகோவின் நாவல், நாகையா கதாநாயகர், விரட்டிக்கொண்டே வருகிற இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பேரே ஒட்டிக்கொண்டு ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் எத்தனையோ பேர் ஜாவராக நடித்திருப்பார்கள், அதை இனிஷியலாகப் போட்டுக்கொண்டது நம்மாள்தான்.

அந்த நாவலைத் தமிழில் தந்தவர் சுத்தானந்த பாரதியார். புதுச்சேரி ஆசிரமத்தில் பல வருஷம் இருந்த மனுஷர். ஹியூகோவின் இரண்டு நாவல்களுக்கு அவர் வைத்த தமிழ்ப் பேர்கள்: ஒன்று 'ஏழை படும் பாடு', மற்றது 'இளிச்சவாயன்'. விடுதிக் கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு பேரையும் படித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் என் விலாசத்தை எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டு வந்தபோது வீட்டில் சண்டையே வந்தது. ஆல்பெர் கமுயின் 'அந்நியன்', 1942-ல் வந்த நாவல், வெ. ஸ்ரீராம் நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கி 1980-ல் க்ரியா வெளியிட்டது. மகளுக்கு முன்னால் நான் தமிழில் படித்துவிடலாம் என்று ஒரு கடையில் போய்க் கேட்டேன். "விக்ரம் படமாங்க?" என்றார் கடைக்காரர். பிறகு மகளே வாங்கி வந்தாள். நான் சத்தமாகப் படிக்க, மனைவி மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள். அவள் இலக்கிய விமர்சனம் அன்றைக்குத்தான் வெளிப்பட்டது.

"அம்மா செத்துக் கிடக்குது, பையன் அழவே இல்லையா?"

"அழலை."

"பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சானா? அவங்க வீட்டுக் காப்பியா, பக்கத்து வீட்டுக் காப்பியா?"

முதியோர் இல்லத்துக் காவல்காரர் கொண்டுவந்து கொடுத்தது என்றேன். "அப்பச் சரி. எழவு வீட்டுல அடுப்புப் பத்த வெக்கக் கூடாது" என்று அந்த ஒரு குற்றத்தை மட்டும் தள்ளுபடி செய்தாள். மறுநாளே அவன் கடலில் குளிக்கப் போகிறான், ஒரு பெண்ணோடு சிரிப்புப் படம் பார்க்கப் போகிறான் என்று வந்ததும் மொச்சை முறத்தில் தெறித்தது. "மறுநாளா? கருமாதி முடியறதுக்கு முந்தியா?" பிறகு அவன் கடற்கரையில் ஓர் ஆளைச் சுட்டுக் கொல்கிறான். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கோர்ட்டில் வக்கீல் கொலையை விட்டுவிட்டு அம்மா சாவுக்கு அழாததையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார் என்றபோது, "நல்ல வக்கீல்" என்றாள். தலையை வெட்டச் சொல்லித் தீர்ப்பு.

"பின்ன?" என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

மகள் பதறிவிட்டாள். அழாத ஒருவனை ஒரு சமூகம் எப்படித் தண்டிக்கிறது, அதுதானம்மா கதை என்று அரைமணி நேரம் விளக்கினாள். உலகத்தில் உள்ள பேராசிரியர்கள் எல்லாம் அந்த ஜூரியைக் குறை சொல்கிறார்கள். என் மனைவி அந்த ஜூரியில் போய் உட்கார்ந்துவிட்டாள். யார் வீட்டு எழவில் யார் அழுதார்கள், யார் முந்தானையை மட்டும் கண்ணில் வைத்தார்கள் என்று இருபது வருஷக் கணக்கை மனசில் வைத்திருக்கிறவளை எந்த நாவலாசிரியன் அசைக்க முடியும்? எனக்கும் லேசான கலக்கம்தான். என் காலத்துக்குப் பிறகு மகள் எந்தப் பாடத்தைப் பின்பற்றுவாள், இருபதாம் நூற்றாண்டா, மேட்டூரா?

நடுவில் டெல்ஃப் என்று ஒரு பரீட்சை. பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் தருகிற சான்றிதழ், வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்றாள். செல்லும் காலம் வாழ்நாள் என்றால் கட்டணம் எவ்வளவானாலும் லாபம்தான் என்று கட்டினேன். ஏ1 முடித்துவிட்டேன், ஏ2 எழுதுகிறேன் என்று அவள் போனில் சொன்னதை மேச்சேரி மச்சான் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "ஏ2 தான் நல்லது மாப்ள, நாட்டு மாட்டுப் பால், குடல்ல தங்கும்" என்றார். நான் திருத்தவில்லை.

வாய்மொழித் தேர்வில் சொந்த ஊரைப் பற்றிப் பேச வேண்டுமாம். தகவல் கேட்டு எனக்கு போன் வந்தது. விடுவேனா? மேட்டூர் அணைக்கு 1925-ல் வேலை ஆரம்பம், 1934 ஆகஸ்ட் 21-ல் திறப்பு, கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி பேரில் நீர்த்தேக்கம், கொள்ளளவு 93.47 டி.எம்.சி., பதினாறு கண் மதகு, டெல்டாவுக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறக்கிற வழக்கம், தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும், அணைமீன் வறுவல்... "அப்பா, சில நிமிஷம்தானுங்கப்பா குடுப்பாங்க" என்றாள். எல்லாவற்றையும் எப்படியோ அடக்கிப் பேசியிருக்கிறாள். தேர்வாளர் கடைசியில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மீன் எப்படி இருக்கும்?

அந்த அணையால்தான் எனக்கும் பிரெஞ்சுக்கும் உறவு முறிகிற நிலை வந்தது. மேட்டூர்க்காரன் காலையில் எழுந்ததும் பார்ப்பது நீர்மட்டம். மற்ற ஊர்களில் தங்கம் விலை பார்ப்பார்களாம். அன்றன்றைய நீர்மட்டத்தைப் பிரெஞ்சில் சொல்லிப் பழகுங்கள் என்று மகள் யோசனை சொன்னாள். அறுபத்தொன்பது அடிவரை எனக்கு அருமையாக வந்தது. எழுபதைத் தொட்டதும் அவர்கள் கூட்டல் போடுகிறார்கள்: அறுபதும் பத்தும். எண்பதில் பெருக்கல்: நாலு இருபது. தொண்ணூற்றொன்பது அடி என்றால் இரண்டையும் சேர்த்துப் போட்டு, 'கத்ர வேன் தீஸ் நெஃப்'. நாலு இருபது, அதோடு பத்து, அதோடு ஒன்பது. பல் விளக்குவதற்குள் இந்தக் கணக்கு முடிவதற்கு நான் ராமானுஜன் இல்லை. நூறைத் தாண்டினால் மறுபடி நிம்மதி. 120 அடி நிரம்பி உபரி நீர் போகிறபோது நான் வெள்ளைக்காரன் கணக்காகப் பேசுவேன். ஆக, காவிரியில் வெள்ளமும் வறட்சியும் எனக்கு நல்ல காலம். நடுத்தரமாகத் தண்ணீர் இருந்தால்தான் நாக்கு குழறும். இந்த மட்டும் அணைக்கு எல்லிஸ் என்று ஒரு துரை போட்ட திட்டத்தில் நிரம்பும் மட்டம் 120-ஓடு நின்றது. 170 என்று போட்டிருந்தால் நான் தர்மபுரிப் பக்கம் குடிபோயிருப்பேன்.

பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் ஒற்றைச் சொல்லாக வைத்திருக்கிறார்கள் என்று மகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். "அப்ப என்னை பெல்ஜியத்துல சேர்த்து விட்டிரு" என்றேன். பரீட்சையில் அது நடக்காது, பாரிஸ் வழக்கம்தான் எழுத வேண்டும் என்றாள். நானா பரீட்சை எழுதுகிறேன்?

ஒருநாள் காலையில் மட்டம் சரியாக எண்பது. எதிர்வீட்டு ஏட்டையா, காவல்துறையில் முழுச் சர்வீஸ் முடித்தவர், வழக்கம்போல் வாசலில் நின்று, "சார், இன்னிக்கு எவ்வளவு?" என்றார்.

"பிரெஞ்சுக் கணக்குல நாலு இருபது ஏட்டையா."

அவர் முகம் மாறியது. "ஃபோர் ட்வென்டியா? யாருங்க சார்?"

அணை என்று புரியவைக்கப் பார்த்தேன். எண்பதுக்கு யாராவது அப்படிச் சொல்லுவார்களா, சொன்னால் அதுவே மோசடி கேஸ் என்றார். இந்திய தண்டனைச் சட்டம் போய்விட்டது, 2024 ஜூலையிலிருந்து மோசடிக்கு 420 இல்லை, 318 ஆகிவிட்டது என்று நான் எடுத்துச் சொன்னேன். "சட்டம் மாறலாம் சார். ஆளு மாறுவானா?" என்றவர், குரலைத் தாழ்த்தி, வந்த காரியத்தைச் சொன்னார். பேரன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். பதினொன்றில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று பள்ளியில் சொல்கிறார்களாம். தெருவில் பிரெஞ்சு விவகாரத்தில் அனுபவப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறார்.

நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "தாராளமா எடுக்கட்டுங்க ஏட்டையா. ஆனா பாடப்புத்தகத்தைத் தாண்டி ஒரு காகிதம் பையன் கையில போகக் கூடாது. கதைப் புத்தகம், பாட்டு, படம் எதுவும் வேண்டாம். நாய் வெள்ளை நிறம்னு எழுதிட்டு அங்கயே நின்னுக்கணும்."

"அதையும் மீறிப் பிடிச்சுப் போச்சுன்னா?"

"சேலத்துல இருந்து பாண்டிக்கு நேர் பஸ் இருக்குது. ஜன்னலோரமா பாத்து முன்னாடியே போட்டுருங்க."

ஏட்டையா சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டார்.